ரெஜினாவுக்கு வந்த போன்

கண்ணை மூடிக்கோம்மா. மை காயணும், நான் சொல்லுத வரைக்கும் தொறக்காத. காதை மட்டும் தொறந்து வச்சுக்கோ.

ரெஜினா எங்கன்னு கேட்ட இல்ல? உன் பெரியம்மா மகளுக்கு அவதான் அலங்காரம் பண்ணினா, நல்லா இருந்துச்சுன்னு சொன்ன. இருக்கும். நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவ கை நல்ல கை. ஆனா இந்த நாற்காலியில உக்காந்து அவ பேரைச் சொல்லுத எல்லாரும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுதாங்க. ரிசப்ஷனுக்கு இன்னும் ஒண்ணரை மணி நேரம் கெடக்கு. என் பக்கத்தையும் நான் சொல்லுதேன். அப்புறம் நீயே சொல்லு.

பதினோரு வருஷம் முன்னால நானும் அவளும் சேந்துதான் இந்தக் கடையைப் போட்டோம். இதே மாடி, இதே ரூம். ‘ரெஜி புஷ்பா பிரைடல்’னு போர்டு. என் பேரு ஞானபுஷ்பம், கடைக்காகப் புஷ்பான்னு வச்சோம். அவ பேரு முன்னாடி, என் பேரு பின்னாடி. வயசுல நான் பன்னெண்டு வருஷம் மூத்தவ. போர்டுலயும் கார்டுலயும் அவ நம்பர்தான் போட்டிருந்தோம். எல்லாருக்கும் பழகின நம்பர், அதே இருக்கட்டும்னு அவ சொன்னா. என் நம்பர் கீழ சின்னதாக்கூட இல்லை. நான் அதைப் பெருசா எடுத்துக்கலை. அப்பவும் எடுத்துக்கலை, இப்பவும் எடுத்துக்கலை.

நெத்தியைச் சுருக்காத.

அவ வீட்டுக்காரரு கஸ்பார். சரக்குக் கப்பல்ல வேலை. வருஷத்துல ஒன்பது மாசம் தண்ணியில கெடப்பாரு. வீட்டை எதுத்துக் கட்டிக்கிட்ட கல்யாணம். ரெஜினாவோட அம்மா மணப்பாட்டுல இருந்தாவ. அந்தம்மா மருமகன் மொகத்துல முழிக்க மாட்டாவ. அவரும் அந்த வீட்டு வாசப்படி மிதிச்சதில்லை. கப்பல்ல இருந்து பத்து நாளைக்கு ஒருக்கா அவருதான் பேசணும், நாம இங்க இருந்து கூப்பிட முடியாது. அவருகிட்ட இருந்தது கடை நம்பர் ஒண்ணுதான். அப்பல்லாம் எல்லார் கையிலயும் இப்படி டச் போன் கிடையாது பாத்துக்கோ. ரெஜினா வச்சிருந்தது பட்டன் போன். அது மணியடிச்சா போதும், கையில பவுடரோட ஓடுவா. ஒரு தடவை நான் கொண்டை போட்டுட்டு இருக்கேன், ஊசி எடுத்துக் குடுக்க வேண்டியவ, பொண்ணை அப்படியே விட்டுட்டு ஓடிட்டா. திரும்பி வந்து ‘சாப்பிட்டியான்னு கேட்டாருக்கா’ன்னு சிரிச்சா. அதுக்கா ஓட்டம்?

அப்புறம் உண்டானா. எட்டாம் மாசம் பிரஷர் ஏறிருச்சு. டாக்டரம்மா எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாவ. மணப்பாட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போன் மட்டும் அவகூடப் போயிருச்சு. அந்த அம்மா வீட்டுல வேற போன் கிடையாது. இங்கன நான் கடையைத் தொறந்து வச்சிட்டு ஈ ஓட்டிட்டு இருக்கேன், போன் எல்லாம் அங்க அவ படுக்கையில போய் அடிக்குது. ஒரு நாளைக்கு நாப்பது. அவ படுத்துக்கிட்டே தேதியைக் குறிச்சு, அப்புறம் எனக்குப் பேசி, நான் எழுதி. பிரஷர் குறையுமா?

அப்பத்தான் எங்க அண்ணன் மகன் இந்த வாய்ஸ் மெயிலைச் சொன்னான். வெளியூர்க் கம்பெனி ஒண்ணு நமக்கு ஒரு நம்பர் குடுக்கும். நம்ம போனுக்கு வாரதை எல்லாம் அந்த நம்பருக்குத் திருப்பி விட்டுட்டா, அங்க இருக்க மெஷின் எடுக்கும். நாம பேசிப் பதிஞ்சு வச்சதைச் சொல்லும், அப்புறம் அவங்க பேசுததைப் பதிஞ்சுக்கிடும். நாம ரகசிய நம்பர் போட்டு எப்ப வேணும்னாலும் கேட்டுக்கலாம். திருப்பி விட்ட போன் மணி அடிக்காது. வந்துச்சுன்னு அடையாளம்கூடக் காட்டாது. நல்ல ஏற்பாடு இல்லையா?

நானே பஸ் ஏறி மணப்பாட்டுக்குப் போனேன். மக்ரூன் ஒரு பாக்கெட் வாங்கிட்டுப் போனேன். கால் வீங்கிக் கெடக்கா. அவ போனை வாங்கி நானே நம்பரைப் போட்டுத் திருப்பி விட்டேன்.

‘அவரு பேசினா என்னக்கா பண்ண?’ன்னு கேட்டா.

‘காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா நான் கேப்பேன். அவரு பேசியிருந்தா அன்னிக்கே உங்க பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு உனக்குச் சொல்லுவேன். நீ நிம்மதியாத் தூங்கு’ன்னேன்.

என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘நீங்க எனக்குக் கூடப் பொறந்தவக்கா’ன்னா. சொன்னா இல்லையான்னு வேணும்னா அவகிட்டயே கேளு.

மெஷின்ல என் குரலைத்தான் பதிஞ்சோம். ‘வணக்கம், ரெஜி புஷ்பா பிரைடல், உங்க பேரும் தேதியும் சொல்லுங்க.’ அழகா இருந்துச்சு. என் குரல் அவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

கன்னத்தை இந்தப் பக்கம் காட்டு. ஆங்.

பிள்ளை பொறந்துச்சு. பொம்பளப் பிள்ளை, ஒண்ணே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில பதினெட்டு நாள் வச்சிருந்தாங்க. கப்பல் கம்பெனி ஆபீஸ் மூலமா அவருக்குத் தகவல் போயிருச்சு. கஸ்பார் மூணு நாள் தொடந்து பேசினாரு. ‘ரெஜி, பிள்ளை யாரை மாதிரி இருக்கு? மூக்கு என் மூக்கா இருந்தா அடுத்ததுக்குப் பாத்துக்கிடலாம்.’ இப்படி ஏதாவது சொல்லி அவரே சிரிச்சுக்கிடுவாரு. நான் அன்னிக்கே ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டு ரெஜினாகிட்டச் சொன்னேன். சொல்லாம இல்லை. எல்லாத்தையும் சொன்னேன். மூக்கு விஷயத்தை மட்டும் விட்டுட்டேன். பச்சை உடம்புக்காரி, சிரிச்சா தையல் வலிக்கும்.

நாப்பது நாள் கழிச்சு அவ போன் பண்ணினா. ‘எக்கா, அந்தத் திருப்பி விட்டதை எடுத்துருங்க. எனக்கு அவரு குரலைக் கேக்கணும்’னா.

நான் எடுத்துட்டேன்னு சொன்னேன்.

எடுக்கலைதான். அதை அவ போன்ல இருந்துதான் எடுக்க முடியும், அவளுக்கு அது தெரியாது. நீ யோசிச்சுப் பாரு. ஆவணி பொறக்கப் போகுது. ஒன்பது முகூர்த்தம். எடுத்துட்டா ஊர் போன் பூரா மறுபடி மணப்பாட்டுல, பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருக்கவகிட்டப் போய் அடிக்கும். ஆவணி முடியட்டும், எடுத்துக்கிடலாம்னு நினைச்சேன். அவளுக்காகவுந்தான் நினைச்சேன்.

போர்டை மாத்தினதும் அந்த ஆவணியிலதான். பழைய போர்டு வெயில்ல வெளுத்துப் போச்சு. பெயிண்டர், ரெண்டு பேரு எழுதினா எழுத்து சின்னதாப் போகுது, ரோட்டுல இருந்து தெரிய மாட்டேங்குதுன்னான். ‘புஷ்பா பிரைடல்’னு மட்டும் எழுதச் சொன்னேன். அவ வந்ததும் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்.

அவ பத்து நாளைக்கு ஒருக்கா பேசுவா. ‘எக்கா, போன் மணியே அடிக்க மாட்டேங்குது. கடைக்கு யாரும் கேக்கலையா?’ம்பா. ‘சீசன் மந்தம்’பேன். ‘இவருகிட்ட இருந்தும் ஒண்ணும் காணோமேக்கா’ம்பா. ‘நடுக்கடல்ல லைன் எங்க கிடைக்கும்’பேன். ‘முன்னால கிடைச்சுச்சே’ம்பா. நான் என்ன கப்பல் கேப்டனா?

அவரு பேசிட்டுத்தான் இருந்தாரு. என்ன பெருசாப் பேசினாரு? அலை ஜாஸ்தியா இருக்கு, சமையல்காரன் குஜராத்தி, எல்லாத்துலயும் சீனி போடுதான், பிள்ளைக்கு டெல்ஃபின்னு பேரு வைப்போமா, உனக்குப் பிடிக்கலைன்னா வேற சொல்லு. ஒவ்வொரு தடவையும் கடைசியில ‘சாப்பிட்டியா ரெஜி’ன்னு கேட்டுட்டு ரெண்டு நிமிசம் சும்மா இருப்பாரு. மெஷின் பதில் சொல்லாதுன்னு தெரியும். ஆனாலும் இருப்பாரு. இதையெல்லாம் அவகிட்டச் சொன்னா நான் எடுத்துட்டேன்னு சொன்னது பொய்யாப் போகும் இல்ல? அதான் சொல்லலை.

நான் மத்தியானம் சாப்பிடும்போது கேப்பேன். தனியா உக்காந்து சாப்பிடுதது எனக்குப் பிடிக்காது. எங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன்தான், குடி கிடையாது, ஒண்ணு கிடையாது. பேச மாட்டாரு, அவ்வளவுதான். தட்டை வச்சா சாப்பிடுவாரு, எடுத்தா எந்திரிப்பாரு. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷமாச்சு. அதுக்கென்ன, எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். உன் வீட்டுக்காரரு பேசுவாரா? புதுசுல பேசுவாங்க.

உதட்டை ஒட்டி வை. இப்ப பேசாத.

அந்த வியாழக்கிழமை வந்த போன்தான் எல்லாத்துக்கும் காரணம்னு ரெஜினா சொல்லிட்டுத் திரியுதா. கஸ்பாரோட கப்பல் சரக்கு ஏத்த நம்ம துறைமுகத்துக்கே வருதுன்னு பேசியிருந்தாரு. ஒரே நாள். துறைமுக வாசலைத் தாண்டி வெளிய போக அவருக்கு அனுமதி இல்லை. மணப்பாட்டுக்குப் போயிட்டு வர நேரமும் இல்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு வாசலுக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு வான்னு சொல்லியிருந்தாரு. பிள்ளைக்கு அப்ப ரெண்டு மாசம். அவரு பாத்ததில்லை.

நான் சொல்லணும்னுதான் நினைச்சேன். வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை அந்தப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனைக் கையில எடுத்தேன். ஆனா பாரு, சனிக்கிழமை எனக்கு ரெண்டு பொண்ணு. ஒண்ணு காலையில, ஒண்ணு சாயங்காலம். ரெஜினா ஊருக்கு வந்தா கடைக்கு வராமப் போவாளா? வந்தா போர்டைப் பாப்பா. ரெண்டு பொண்ணு உக்காந்திருக்கதைப் பாப்பா. நான் மந்தம்னு சொல்லி வச்சிருக்கேன். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க முன்னால அழுகையும் சத்தமுமா ஆயிரும். அந்தப் பொண்ணுங்க மனசு என்ன பாடுபடும்? கல்யாண நாளும் அதுவுமா. பாவம் இல்லையா அதுங்க?

அதனால சொல்லலை.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி பேசியிருந்தாரு. மூணு மணி நேரம் நின்னேன் ரெஜி, காவலாளி ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தான், நான் உக்காரலை, உக்காந்தா நீ வாரது தெரியாம போயிரும்னு. அப்படின்னாரு. ‘உன் மனசு எனக்குத் தெரிஞ்சு போச்சு, இனி தொந்தரவு பண்ண மாட்டேன்’னு வச்சிட்டாரு. அந்தத் தடவை சாப்பிட்டியான்னு கேக்கலை. அதுக்கப்புறம் அவரு பேசவே இல்லை. நான் ஒரு மாசம் தெனமும் மத்தியானம் போட்டுப் போட்டுப் பாத்தேன். தேதி கேக்குதவங்க குரல்தான் வந்துச்சு. ஒரு மனுசன் அவ்வளவு சீக்கிரமாவா கோவிச்சுக்கிடுவான்?

ஐப்பசியில ரெஜினா ஊருக்குத் திரும்பினா. போன் மணியே அடிக்கலை, கெட்டுப் போச்சுன்னு செல்போன் கடைக்குத் தூக்கிட்டுப் போயிருக்கா. அந்தக் கடைக்காரன் தன் போன்ல இருந்து அவ நம்பரைக் கூப்பிட்டுப் பாத்திருக்கான். இவ கையில இருக்க போன் சும்மா கெடக்கு, அவன் காதுல என் குரல். ‘வணக்கம், ரெஜி புஷ்பா பிரைடல்.’ அவன் சிரிச்சிருக்கான். ‘போன்ல ஒண்ணும் கெடலம்மா, எல்லாத்தையும் வேற நம்பருக்குத் திருப்பி விட்டிருக்கு’ன்னு சொல்லி, ஹேஷ், ஹேஷ், இருபத்தொண்ணு, ஹேஷ்னு அடிச்சுக் கூப்பிடுத பட்டனை அமுக்கியிருக்கான். ரத்தாயிருச்சுன்னு எழுத்து வந்திருக்கு. அவ்வளவுதான் வேலை. அஞ்சு செகண்டு. கடையை விட்டு இறங்கல, போன் அடிச்சிருக்கு. நாலு மாசம் கழிச்சு அடிக்குது. பிள்ளையை அந்தக் கடைக்காரன் கையில குடுத்துட்டு ரோட்டுல நின்னு எடுத்திருக்கா. ‘மேடம், உங்களுக்குக் கடன் வேணுமா’ன்னு ஒரு பொண்ணு கேட்டிருக்கு.

அங்க இருந்து நேரா இங்க வந்தா. பிள்ளை இடுப்புல. போர்டை அண்ணாந்து பாத்துட்டுத்தான் படியேறினா. ஆனா போர்டைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. நான் பதில் எல்லாம் தயாரா வச்சிருந்தேன், கேக்கவே இல்லை.

‘எக்கா, திருப்பி விட்டது எடுக்காமயே இருந்திருக்கு’ன்னா.

‘நான் அன்னிக்கே எடுத்தேனே, கம்பெனிக்காரன் கோளாறு’ன்னேன்.

‘அந்தப் பெட்டியில அவரு பேசினது ஏதும் இருக்காக்கா?’

நான் அவ மொகத்தைப் பாத்தேன். இருக்குன்னு சொன்னா என்ன ஆகும்? கேப்பா. சனிக்கிழமை விஷயத்தைக் கேப்பா. கேட்டா தாங்குவாளா? பால் குடுக்கவ. பால் வத்திப் போயிரும்.

‘ஒண்ணும் இல்லை ரெஜினா’ன்னேன்.

இந்தா, இந்த பெஞ்சுலதான் உக்காந்தா. ரொம்ப நேரம் பிள்ளையோட காலைப் பிடிச்சு அமுக்கிட்டே இருந்தா. ‘அப்ப அவரு பேசவே இல்லை. நான் இத்தனை நாளும் போன் மேல பழியைப் போட்டுட்டு இருந்தேன்’னா. தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா.

அவ போனதும் பெட்டியில இருந்த எல்லாத்தையும் அழிச்சேன். எதுக்கு வச்சிருக்கணும்? அழிக்கதுக்கு முன்னால ஒருக்கா எல்லாத்தையும் கேட்டேன். மெஷின் ‘அழிக்கவா’ன்னு ஒவ்வொண்ணுக்கும் கேட்டுச்சு. பத்தொன்பது தடவை.

தலையை ஆட்டாதம்மா, பூ வைக்கேன்.

அப்புறம் அவ கடைப் பக்கம் வரலை. கஸ்பார் அந்தக் கப்பல்லயே இன்னொரு ஒப்பந்தம் போட்டுட்டாரு. இறங்கினப்புறமும் ஊருக்கு வரலை. ரெண்டு வருஷம் கழிச்சுக் குஜராத்துல இருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. இவ குடும்பக் கோர்ட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருக்கா. அங்க ஒரு அம்மா ரெண்டு பேரையும் உக்கார வச்சு, சேந்து வாழ வழி உண்டான்னு பேசுவாவளாமே, அப்பத்தான் கஸ்பார் வாயைத் தொறந்திருக்காரு. நான் எத்தனை தடவை பேசினேன், அந்த மெஷின்கிட்ட எவ்வளவு சொன்னேன், மூணு மணி நேரம் வாசல்ல நின்னேன், நீ பிள்ளையைக் கண்ணுல காட்டலைன்னு. இவ ‘எனக்குத் தெரியாது’ன்னு சொல்லியிருக்கா. அவரு நம்பினாராம். நம்பி என்ன செய்ய? அதுக்குள்ள அங்க அவருக்கு ஒரு குடும்பம் ஆயிருச்சு. கைப்பிள்ளை இருக்கு. தலையில கைய வச்சுக்கிட்டு அழுதாராம். பிள்ளை அந்த வராண்டாவுலதான் அப்பாவை முதத் தடவை பாத்துச்சு. யாரோ மாமான்னு நினைச்சு டாட்டா காட்டுச்சாம்.

அவரும் எந்திரிச்சு ரெஜினாகிட்டப் போய் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். இவளும் கப்பல் கம்பெனி ஆபீஸ்ல போய் நின்னிருக்கலாம். ரெண்டு பேருக்கும் ரோஷம். பழி மட்டும் எனக்கு.

அன்னிக்குக் கோர்ட்டுல இருந்து நேரா இங்கதான் வந்தா. ரெண்டரை வயசுப் பிள்ளை கூட. கத்துவா, மயிரைப் பிடிப்பான்னு நினைச்சு நான் கத்திரிக்கோலை எல்லாம் டிராயருக்குள்ள போட்டேன். அவ சத்தமே போடலை.

‘அவரு பேசினதை வச்சிருக்கீங்களாக்கா?’ன்னு கேட்டா.

‘அழிச்சிட்டேன்.’

‘என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? அந்தக் கப்பல் வந்தப்ப.’

இருந்துச்சு. இல்லைன்னு சொல்லியிருக்கலாம், ஆனா எனக்கும் மனசு உண்டு. அவ புருசன் பேசினது, அவ கேக்கணும் இல்லையா? சொன்னேன்.

‘ரெஜி, நான்தான். ஒரு விசேஷம். கப்பல் நம்ம ஊருக்கு வருது. நம்ம ஊருக்குப் புள்ள.’ இங்கன ஒரு சிரிப்பு. ‘சனிக்கிழமை பத்து மணி. வாசலைத் தாண்ட விட மாட்டான், நீ அந்தப் பக்கம் நில்லு, நான் இந்தப் பக்கம் நிக்கேன். பிள்ளைக்குத் தொப்பி போட்டுக் கூட்டிட்டு வா, வெயில் அடிக்கும்.’ இங்கன கொஞ்சம் இருமுவாரு. ‘உங்க அம்மாவையும் கூட்டிட்டு வா. நான் கம்பி வழியாவே கால்ல விழுந்துருதேன். இனிமே சண்டை வேண்டாம் ரெஜி, எனக்கு அலுத்துப் போச்சு. நான் நீலச் சட்டை போட்டிருப்பேன். மெலிஞ்சிட்டேன், அடையாளம் தெரியாமப் போயிராத.’ இதைச் சொல்லும்போது குரல் இறங்கிரும். அப்புறம் யாரோ பின்னால கூப்பிடுவாங்க, ‘வாரேன் வாரேன்’னு அவங்ககிட்டச் சொல்லிட்டு, ‘சாப்பிட்டியா ரெஜி.’ அப்புறம் ஒண்ணும் இல்லை. காத்துச் சத்தம். ஒரு பெருமூச்சு. வச்சிருவாரு.

அவ அழுவான்னு பாத்தேன். அழுவலை. நான் சொல்லும்போது என் வாயையே பாத்துட்டு இருந்தா.

‘எத்தனை தடவை கேட்டீங்கக்கா?’ன்னா.

இது என்ன கேள்வி?

‘ஒரு தடவைதான்’னு சொன்னேன்.

பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் படி இறங்கிப் போயிட்டா. இப்ப ஜவுளிக் கடையில சேலை எடுத்துப் போடுத வேலை பாக்கா. பத்து மணி நேரம் நிக்கணும். நான் ஆள் விட்டுக் கூப்பிட்டேன், இங்க வந்து கொண்டை போடு, உனக்குத் தெரிஞ்ச வேலைதானேன்னு. வரலை. ரோட்டுல எதுக்க வந்தா பக்கத்துச் சந்துல திரும்பிருதா.

நீ சொல்லும்மா. அவ வந்து கேட்ட அன்னிக்கு நான் ஒரு வார்த்தை விடாம அப்படியே சொன்னேன். இருமினது வரைக்கும் சொன்னேன். வேற யாராவது அவளுக்கு அப்படிச் சொல்லியிருப்பாங்களா?